ப்வோலா ஆடணுமா? முதல்ல வேலியா நிக்க பழகுங்க

உகாண்டாவோட வடக்குல அச்சோலி மக்களோட ராஜ ஆட்டம்னா அது ப்வோலா தான். நான் உகாண்டா தலைநகர் கம்பாலால வேலை பாக்குறேன், ஆபீஸ்ல கூட இருக்குற ஒரு அச்சோலி அண்ணன் ஒரு தடவை வடக்குல இருக்குற குலுங்கிற ஊர்ல அவங்க குடும்ப விசேஷத்துக்கு கூட்டிட்டு போனாரு, அங்க பாத்தது தான் முதல் ப்வோலா, நாப்பது ஆம்பளைங்க கையில ஆளுக்கொரு டிரம்மோட பெரிய வட்டமா நின்னு ஒரே நேரத்துல அடிச்சப்போ நெஞ்சுக்குள்ள என்னமோ தட்டுச்சு, அப்பவே முடிவு பண்ணிட்டேன் இதை கத்துக்கணும்னு. கத்துக்க போனா முதல் ரெண்டு கிளாஸ் டிரம்ம தொடவே விடல. வட்டமா நில்லு, நட, திரும்பு, நில்லு, இதே தான். எனக்கு செம கடுப்பு. மூணாவது கிளாஸ்ல தான் ஏன்னு புரிஞ்சுது, அதை தான் இங்க எழுத போறேன், ஏன்னா யூட்யூப்ல வீடியோ பாத்து ஸ்டெப் மட்டும் எடுத்துட்டு ஸ்கூல் விழாவுலயும் கம்பெனி ஃபங்ஷன்லயும் ஆடுறவங்க எல்லாரும் சறுக்குற இடம் இது தான்.

அந்த வட்டம் இருக்கே, அது ராஜா வீட்டு வேலி. ஆம்பளைங்க ஒவ்வொருத்தரும் அந்த வேலியில ஊனின ஒரு கம்பு. பொண்ணுங்க வேலிக்கு உள்ள, அதாவது அரண்மனை முற்றத்துல ஆடுறாங்க. சிறுத்தை தோல் போட்ட தலைவர் ஒருத்தர் மட்டும் உள்ளாற இஷ்டத்துக்கு நடப்பார், அவர் தான் வேகத்தை வைக்கிறவர், பாட்டை எடுத்து குடுக்குறவர். மத்த யாருக்கும் தனியா நகர உரிமை கிடையாது. இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிட்டா பாதி ப்வோலா வந்த மாதிரி. நமக்கு டான்ஸ்னாலே யாரு நல்லா ஆடுறாங்கன்னு தேடுற பழக்கம், இங்க ஒருத்தன் மட்டும் தனியா நல்லா தெரிஞ்சான்னா அங்க வேலியில ஓட்டை விழுந்துருச்சுன்னு அர்த்தம்.

ஆட்டத்துக்கு போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கதை, ப்ளீஸ் இதை ஸ்கிப் பண்ணாதீங்க, ஏன்னா கத்து குடுக்குற பெரியவங்க கட்டாயம் கேப்பாங்க.

அச்சோலி மக்கள் பேசுறது லுவோ குடும்பத்து மொழி. இருக்குறது குலு, கிட்கும், பாதெர், அகாகோ, லம்வோ, அமுரு, ந்வோயா, ஒமோரோ ஜில்லாக்கள்ல, எல்லை தாண்டி தெற்கு சூடான்ல மக்வி பக்கமும் இருக்காங்க. ஒரே ராஜாவுக்கு கீழ இருந்த நாடு கிடையாது இது, நிறைய சின்ன சின்ன அரசுகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ர்வோட். ர்வோட்னா தலைவர், ராஜான்னும் சொல்லலாம், பன்மையில ர்வோடி. ஒவ்வொரு அரசுக்கும் தனியா ஒரு ராஜ முரசு இருந்துச்சு, பேரு புல் கேர். (புல்னா அவங்க மொழியில டிரம், கேர்னா ஆட்சி. நம்ம ஊரு புல் ஞாபகம் வந்து நான் சிரிச்சது தனி கதை.) அந்த முரசு யார்கிட்ட இருக்கோ அவங்க தான் அரசு. முரசு கட்டில்ல தெரியாம படுத்து தூங்கிட்ட புலவரை வெட்டாம, பக்கத்துல நின்னு விசிறி விட்டாரே சேர ராஜா, அந்த கதை கேட்டு வளந்த நமக்கு இது சுலபமா புரியும்.

ப்வோலா அந்த காலத்துல ர்வோட் உத்தரவு போட்டா தான் நடக்கும். நினைச்ச நேரம் நினைச்ச இடத்துல ஆடுற ஆட்டம் கிடையாது. பட்டம் கட்டும்போது, பெரிய விருந்தாளி வரும்போது, இந்த மாதிரி நேரத்துல தான். காதல் பண்ணுற வயசு பசங்களுக்கு லராக்கராக்கான்னு வேற ஆட்டம் இருக்கு, அதுல பாதியா வெட்டின சுரைக்குடுக்கையை சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால தட்டுவாங்க. போர் ஆட்டம் ஒடோலே, ஈட்டியும் கேடயமும் வெச்சு ஆடுறது. சின்ன பொண்ணுங்களுக்கு டிங்கிடிங்கி. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வயசுக்கு ஒவ்வொரு நேரத்துக்கு. இதை ஏன் சொல்றேன்னா, நான் பாத்த நிறைய ஸ்டேஜ் ஷோல லராக்கராக்கா இடுப்பாட்டத்தை கொண்டு வந்து ப்வோலா வட்டத்துக்குள்ள போட்டுடறாங்க, பாக்க ஜாலியா இருக்கும், ஆனா ஒரு அச்சோலி பாட்டி முகத்தை பாத்தீங்கன்னா தெரியும், பட்டாபிஷேகத்துல குத்துப்பாட்டு போட்ட மாதிரி ஒரு சுளிப்பு.

அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். 1911-12ல துப்பாக்கி எல்லாத்தையும் பதிவு பண்ணு, ஒப்படைன்னு சொன்னப்போ லமோகிங்கிற அச்சோலி பிரிவு மக்கள் எதிர்த்து நின்னாங்க, குருகுரு மலையில சண்டை நடந்துச்சு. பாயிராங்கிற அச்சோலி அரசோட ர்வோட் அவிச், பிரிட்டிஷ்காரங்களுக்கு அடங்காதவர்னு சிறையில கிடந்தவர். பரம்பரையா வந்த தலைவர்களை ஓரம் கட்டிட்டு அரசாங்கம் தனக்கு வேண்டியவங்களை நியமிச்சுது. இதுல மக்கள் வெச்ச பேரு தான் சூப்பர்: ஷியா எண்ணெய் பூசி பட்டம் கட்டினவங்க ர்வோடி மோ, அதாவது எண்ணெய் ராஜாக்கள், அரசாங்கம் எழுதி வெச்சவங்க ர்வோடி கலம், பேனா ராஜாக்கள். கலம்ங்கிறது அரபு வார்த்தை, இந்தியில பேனாவுக்கு சொல்றதும் அதே தான். ஒரே வார்த்தையில எப்படி கிழிச்சிருக்காங்க பாருங்க.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1967 அரசியல் சட்டத்துல உகாண்டா முழுக்க ராஜாக்களை ஒழிச்சாங்க, 1995 அரசியல் சட்டம் பாரம்பரிய தலைவர்களை திரும்ப ஏத்துக்கிச்சு. இன்னிக்கு அச்சோலி ர்வோடி எல்லாரும் சேந்த அமைப்பு கேர் க்வாரோ அச்சோலி, ஆபீஸ் குலுவுல. க்வாரோனா தாத்தா, மூதாதையர். 2005ல பாயிராவோட ர்வோட் டேவிட் ஓனென் அச்சானா 2 எல்லா ர்வோடிக்கும் தலைவரா முடிசூட்டிக்கிட்டார்.

நடுவுல இருபது வருஷம் போர். 1980கள் கடைசியில ஆரம்பிச்சு 2006 வரைக்கும் எல்.ஆர்.ஏ (லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி) கலகப்படையும் அரசாங்க ராணுவமும் மோதிக்கிட்டாங்க, ஊரை எல்லாம் காலி பண்ணி மக்களை முகாம்ல அடைச்சாங்க, உச்சத்துல வடக்கு உகாண்டால சுமார் 18 லட்சம் பேரு வீட்டை விட்டு முகாம்ல. சாயந்திரம் தீ மூட்டி சுத்தி உக்காந்து பெரியவங்க கதை சொல்ற வழக்கம் ஒண்ணு இருக்கு, பேரு வாங் ஓ, அது தான் அவங்க ஸ்கூல் மாதிரி, அதுவே முகாம்ல நின்னு போச்சு. அப்படி இருந்தும் 2005ல படோங்கோ முகாம் பக்கத்து பிரைமரி ஸ்கூல் பசங்க, குடும்பத்தை போர்ல இழந்த பிள்ளைங்க நிறைய பேரு அதுல, கம்பாலால நடந்த தேசிய இசை போட்டிக்கு வந்து ப்வோலா ஆடி பாரம்பரிய ஆட்ட பிரிவுல ஜெயிச்சாங்க. வீடு வேலி எதுவும் இல்லாத பிள்ளைங்க ராஜா வீட்டு வேலியா நின்னு ஆடியிருக்காங்க. இது தெரிஞ்சதுக்கப்புறம் வட்டத்துல லைன் விட்டு நிக்க எனக்கு கூச்சமா இருக்கும்.

சரி, இப்ப ஆட்டம்.

வட்டம்

குறைஞ்சது பன்னெண்டு ஆம்பளைங்களாவது வேணும்ங்கிறது என் கணக்கு, அதுக்கு கீழ போனா வட்டம் மாதிரியே தெரியாது. தரையில சாக்பீஸ்ல வட்டம் போட்டு அது மேல நிக்க வேணாம், அது கெட்ட பழக்கம், கண்ணு கீழ போயிடும். எல்லாரும் நடுவுல பாத்து நிக்கணும், பக்கத்துல இருக்குறவருக்கும் உங்களுக்கும் நடுவுல டிரம்ம நீட்டி பிடிச்சா இடிக்காத அளவு இடம், அவ்வளவு தான். இப்ப டிரம் இல்லாம வட்டமாவே பக்கவாட்டுல நகருங்க, நகரும்போது இடைவெளி மாறக்கூடாது. கேக்க சப்பையா இருக்கும். பத்து நிமிஷம் நகந்து பாருங்க, ஒரு பக்கம் எல்லாரும் நெருங்கி நிப்பாங்க, இன்னொரு பக்கம் மாட்டு வண்டியே போகுற அளவு காலியா கிடக்கும். காரணம், எல்லாரும் முன்னாடி போறவரை மட்டும் பாக்குறோம். பின்னாடி வர்றவரையும் ஓரக்கண்ணுல வெச்சுக்கணும், நீங்க வேகமா போனா அவருக்கு இடைவெளி கூடிடும், அதை பாத்துக்கிறது உங்க பொறுப்பு.

எந்த பக்கம் சுத்தணும், எப்ப நிக்கணும், எப்ப உள்ள வாங்கணும், இதெல்லாம் தலைவர் சொல்றது. வாயால சொல்ல மாட்டார், உடம்பால சொல்வார், பாட்டுல சொல்வார். அதனால கண்ணு எப்பவும் அவர் மேல. நான் பண்ண பெரிய தப்பு, எண்ணிட்டே ஆடுனது, எட்டு அடிச்சதும் திரும்பணும்னு மனசுல கணக்கு வெச்சிருந்தேன், தலைவர் அன்னிக்கு பத்துல திரும்புனாரு, நான் மட்டும் நட்ட நடுவுல டிரம்மோட வேற பக்கம் பாத்துட்டு நிக்கிறேன், சுத்தி இருந்த சின்ன பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எண்ணாதீங்க. பாருங்க.

டிரம்

ப்வோலாவுல ஆம்பளைங்க கையில வெச்சுக்கிறது சின்ன டிரம், பிடிக்க கைப்பிடி இருக்கும். இடது கையில பிடி, வலது கையில குச்சி. எல்லாரும் முதல்ல பண்றது டிரம்ம நெஞ்சோட அணைச்சுக்கிறது, குழந்தைய தூக்கின மாதிரி. அப்படி பிடிச்சா சத்தம் செத்துடும், கையும் சீக்கிரம் ஓஞ்சிடும். உடம்பை விட்டு கொஞ்சம் தள்ளி, மணிக்கட்டு நேரா, முழங்கை லேசா மடங்கி இருக்கட்டும். ஆட்டத்துல டிரம் மேல போகும் கீழ வரும், எல்லார் டிரம்மும் ஒரே உயரத்துக்கு போகணும், அது தான் தூரத்துல இருந்து பாக்குறப்போ அலை மாதிரி தெரியுறது.

குச்சிய இறுக்கி பிடிச்சா அடி கனமா விழும், ஆனா தெளிவா இருக்காது. ரெண்டு விரல்ல பிடிச்சு மத்த விரலை சும்மா சாத்தி வெச்சா தோல்ல பட்டு குச்சி தானா எழும்பும், அந்த எழும்பலை பிடிச்சு தான் அடுத்த அடி. இதை வீட்டுல பழக டிரம் எல்லாம் வாங்க வேணாம், உகாண்டால எந்த வீட்டுலயும் இருக்குற மஞ்ச ஜெர்ரிகேன் போதும், காலி கேன இடது கையில பிடிச்சுக்கோங்க, கைப்பிடியும் இருக்கு, சத்தமும் வருது, எடையும் பழக்கம் ஆகுது. நான் ரெண்டு மாசம் இதுல தான் அடிச்சேன், பக்கத்து வீட்டுக்காரர் தண்ணி கேக்க வந்தேன்னு நினைச்சுட்டு கேன்ல தண்ணி ஊத்தி குடுத்தாரு.

ஆனா ரொம்ப முக்கியம் கால். முதல்ல கால், அப்புறம் தான் கை. ப்வோலாவுல டிரம் அடியும் கால் அடியும் ஒண்ணு, டிரம் ஒரு தாளம் கால் ஒரு தாளம்னு ரெண்டு தனி வேலை கிடையாது, கால் தரையில சொல்றதை தான் கை தோல்ல சொல்லுது. அதனால வெறும் காலால, செருப்பு கூட போடாம, மண் தரையில ஒரு வாரம் மிதிங்க. முழங்கால் எப்பவும் கொஞ்சம் மடங்கியே இருக்கணும், நேரா விறைச்சா அடுத்த நாள் மாடிப்படி ஏற முடியாது. பாதம் முழுசா தட்டையா விழணும். மிதிக்கிற சத்தம் எல்லாருக்கும் ஒண்ணா கேக்க ஆரம்பிச்சதும் கையில கேன குடுங்க, குடுத்தவுடனே கால் குழம்பும், எல்லாருக்கும் குழம்பும், அப்ப கேன கீழ வெச்சுட்டு திரும்ப கால். எங்க லப்வோஞ் (வாத்தியார்னு அர்த்தம், கடைசி எழுத்து சுத்தமா நம்ம ஞ் தான்) இதை சலிக்காம பண்ணுவாரு, நாங்க தான் சலிச்சுப்போம்.

டிரம் தோல் மழைக்காலத்துல தொய்ஞ்சுடும். ஆடுறதுக்கு முன்னாடி வெயில்ல வைங்க, இல்ல தீக்கு கொஞ்சம் தள்ளி காட்டுங்க, தட்டி பாத்து சத்தம் ஏறுனதும் எடுத்துடணும், ரொம்ப கிட்ட கொண்டு போனா தோல் வெடிச்சுடும், அப்புறம் யார் காசு குடுக்குறதுன்னு பஞ்சாயத்து.

உள்ள ஆடுற பொண்ணுங்க

இதை என் மனைவி தான் கத்துக்கிட்டா, அவ சொன்னதை வெச்சு எழுதுறேன். பொண்ணுங்க பக்கம் கால் வேலை கம்மி, கழுத்து வேலை தான் பூரா. கால் சின்ன சின்னதா நகரும், கழுத்து தாளத்தோட முன்னாடி போயிட்டு வரும். தலையை ஆட்டுறதுன்னு நினைச்சு தான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க, தலையாட்டினா பத்து நிமிஷத்துல கிறுகிறுன்னு வரும். தலை நேரா இருக்கணும், தாடை தரைக்கு சமமா, கழுத்து தான் தள்ளி இழுக்கணும். சுவத்துல முதுகை ஒட்டி நின்னு தோள் சுவத்தை விடாம கழுத்தை மட்டும் முன்னாடி கொண்டு போய் பழகுனா பிடி கிடைக்கும்னு சொல்றா. முதல் வாரம் ரெண்டு நிமிஷத்துக்கு மேல பண்ணாதீங்க, கழுத்து வலி ஏற்கனவே இருக்குறவங்க தயவுசெஞ்சு விட்டுடுங்க, பாட்டு மட்டும் பாடலாம், அதுவும் ஆட்டம் தான். முகத்துல ஒரு அமைதி வேணும். முற்றத்துல இருக்குறோம், மேடையில இல்லங்கிற நினைப்பு.

பாட்டு

ப்வோலா நீளமான ஆட்டம், ஒரு பாட்டு இல்ல, பாட்டு மாத்தி பாட்டு போயிட்டே இருக்கும். போட்டியில நேரம் கம்மின்னு வெட்டி சுருக்கிடறாங்க, ஊர்ல பாத்தா தான் அதோட உண்மையான நிதானம் தெரியும். தலைவர் ஒரு வரி எடுப்பார், வட்டம் பதில் சொல்லும். ர்வோட் புகழ், பழைய சண்டை, குலத்தோட கதை எல்லாம் பாட்டுல வரும்.

மொழியில ஒரு சிக்கல் இருக்கு, அச்சோலி தொனி மொழி, ஏத்தி சொன்னா ஒரு அர்த்தம் இறக்கி சொன்னா வேற அர்த்தம், மெட்டும் அதை ஒட்டியே போகும். அதனால வரிகளை எழுதி படிச்சு மனப்பாடம் பண்றது வேலைக்கு ஆகாது, காதால தான் பிடிக்கணும், ரெக்கார்ட் பண்ணிக்க பர்மிஷன் கேட்டு வாங்கிக்கோங்க. ஆனா நமக்கு ஒரு லாபமும் இருக்கு. ங, ஞ ரெண்டும் அவங்க மொழியில தாராளமா வரும், வார்த்தை ஆரம்பத்துலயே வரும், பொண்ணுக்கு ஞாகோன்னு பேரு. கூட கத்துக்க வந்த ஐரோப்பாக்காரங்க இதுக்கு படாத பாடு பட்டாங்க, நமக்கு அரிச்சுவடியிலயே இருக்கு. அதே மாதிரி ஃப, ஹ, ஸ மாதிரி சத்தம் எதுவும் அவங்க சொந்த மொழியில கிடையாது.

ம்வோச்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு வீர முழக்கம், சந்தோஷத்துலயோ வீராப்புலயோ கத்துறது. கேக்க ஆசையா இருக்கும், ஆனா அது அவங்க குலத்து சொத்து, நாம கத்தக்கூடாது. யாரும் அடிக்க மாட்டாங்க, ஆனா அடுத்தவங்க குலசாமி பேரை சும்மா சொல்லி சத்தியம் பண்ண மாதிரி இருக்கும்.

டிரெஸ்

தலையில தீக்கோழி இறகு, இடுப்புல தோல், பொண்ணுங்களுக்கு பாசிமணி, இதெல்லாம் பாத்து உடனே வாங்க கிளம்பாதீங்க. சிறுத்தை தோல் தலைவருக்கு மட்டும் ஏன்னு கேட்டா, அந்த காலத்துல வேட்டையில சிறுத்தையோ சிங்கமோ விழுந்தா தோல் ர்வோட்டுக்கு போய் சேரணும், யானைன்னா ஒரு தந்தம் அவருக்கு. அதாவது சிறுத்தை தோல்ங்கிறது அழகுக்கு இல்ல, ராஜா அதிகாரத்தோட முத்திரை. வட்டத்துல நிக்கிற நீங்க புள்ளி போட்ட துணி கூட போட கூடாதுங்கிறது என் அபிப்ராயம், வேலி கம்பு கிரீடம் வெச்சுக்காது.

இன்னொண்ணு, இன்னிக்கு அசல் சிறுத்தை தோல் வாங்குறது சட்ட விரோதம், உகாண்டால 2019 வனவிலங்கு சட்டம் இருக்கு, உலக அளவுல, அழியுற நிலையில உள்ள உயிரினங்களை வாங்கி விக்கிறதை கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்துல சிறுத்தை முதல் பட்டியல்ல இருக்கு, யாராவது தெருவுல விக்கிறாங்கன்னா ஏர்போர்ட்ல மாட்டப்போறது நீங்க தான். பழைய குழுக்கள் கிட்ட தலைமுறையா வந்தது இருக்கும், புது குழுக்கள் அச்சடிச்ச துணில ஆடுறாங்க, அது போதும். பழகுறப்போ சாதா பேன்ட் டிஷர்ட்.

எங்க போய் கத்துக்கிறது

கம்பாலால இருக்கீங்கன்னா ண்டின்டா ஏரியால ண்டெரே சென்டர்ல உகாண்டா முழுக்க உள்ள ஆட்டங்களை மேடையில பாக்கலாம், ப்வோலாவும் ஆடுவாங்க, முதல் ருசிக்கு அது நல்லது. ஆனா அது ஷோ. ஊர்ல பாக்கணும்னா குலு போங்க, கம்பாலால இருந்து முன்னூத்தி சொச்சம் கிலோமீட்டர், கருமா பாலத்துல நைல் நதிய தாண்டணும், பஸ் இருக்கு. அறுவடை முடிஞ்ச வறண்ட காலம், டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும், விசேஷம் நிறைய நடக்குற நேரம். கேர் க்வாரோ அச்சோலி ஆபீஸ்ல விசாரிச்சா எந்த ஊர் குழு கத்து குடுக்கும்னு வழி காட்டுவாங்க, இல்ல கூட வேலை பாக்குற அச்சோலிக்காரங்களை பிடிங்க, அது தான் நான் பண்ணது.

போனதும் முதல்ல ஆட்டத்தை பத்தி பேசாதீங்க. அப்வோயோன்னு சொல்லுங்க, வணக்கத்துக்கும் நன்றிக்கும் ரெண்டுக்கும் அதே வார்த்தை. பெரியவங்களை லடிட்னு கூப்பிடுங்க, நம்ம ஐயா மாதிரி. குடுக்குறதை சாப்பிடுங்க, மலக்வாங்னு ஒரு புளிப்பு கீரையை கடலை அரைச்சு விட்டு செய்வாங்க, புளிச்சக்கீரை பிரியர்களுக்கு சொர்க்கம். அப்புறம் தான் விஷயம். காசு பேசுறப்போ தனி ஆளுக்கு குடுக்காம குழுவுக்கு குடுங்க, எல்லார் முன்னாடியும் குடுங்க, தனியா ஒருத்தர் கையில வெச்சுட்டு வந்ததால குழுவே ரெண்டா போன கதை ஒண்ணு எனக்கு தெரியும், அந்த கையில வெச்ச ஆள் நான் தான்.

ர்வோட் இருக்குற விசேஷத்துல ஆட்டம் நடந்தா வட்டத்துக்குள்ள காலே வைக்காதீங்க, செல்ஃபி எடுக்க உள்ள ஓடுற ஆளுங்களை பாத்திருக்கேன், ஒருத்தர் வீட்டு வேலியை தாண்டி குதிக்கிறது அது. அங்க வெச்சிருக்குற பெரிய முரசு எதையும் தட்டி பாக்காதீங்க. கூப்பிட்டா வட்டத்துல போய் சேருங்க, கூப்பிடாம சேராதீங்க. கூப்பிட்டு டிரம் குடுத்தாங்கன்னா வட்டத்துல ஒரு பழைய ஆளுக்கு பக்கத்துல நில்லுங்க, அடிக்க தெரியலன்னா குச்சிய தோல்ல படாம ஆட்டிட்டு கால் மட்டும் மிதிங்க, தப்பா அடிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல், யாருக்கும் தெரியாது. பக்கத்துல நிக்கிறவருக்கு தெரியும், அவர் சிரிச்சுட்டு விட்டுடுவார்.

எனக்கு முதல் தடவை அப்படி டிரம் கிடைச்சப்போ முக்கா மணி நேரம் நின்னேன், அதுல பாதி நேரம் சத்தமே இல்லாம. முடிஞ்சதும் பக்கத்துல நின்ன பெரியவர் என் டிரம்ம வாங்கி ஒரு தட்டு தட்டி பாத்துட்டு, தோல் இன்னும் விறைப்பாவே இருக்கே, நீ அடிக்கவே இல்லையான்னு கேட்டாரு. கால் அடிச்சேன் லடிட்னு சொன்னேன். சரி, நாளைக்கு வா, கை அடிக்கலாம்னாரு.